பாதி வெட்டும் நண்டாரும் அளந்து கேட்ட செங்கமலமும்

மூங்கில்மேட்டுக் காட்டில் செங்கமலம் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். அவளுக்கு ஒரு விநோதமான குணம். எது எவ்வளவு வேண்டுமோ, அதை அவ்வளவு மட்டும்தான் கேட்பாள். நல்ல குணம்தானே என்கிறீர்களா? அந்தக் காட்டில் அதற்குப் பெயர் அசட்டுத்தனம்!

மூங்கில்மேட்டின் ஆட்சி துறை துறையாக நடந்தது. குளம் தூர்வாருவது, ஊற்று தோண்டுவது எல்லாம் தண்ணீர்த்துறை. அதற்கு யானையார் தலைவர். முள் அகற்றி வழி ஏற்படுத்துவது பாதைத்துறை. அது பன்றியார் பொறுப்பு. விருந்தாளி வந்தால் தோகை விரித்து ஆடிக் காட்ட ஒரு வரவேற்புத்துறைகூட உண்டு. அதை மயிலார் பார்த்துக்கொண்டார். எல்லாருக்கும் மேலே காட்டுத் தலைவர் கரடியார்.

தீத்துறையை மட்டும் எவரும் சீந்துவதில்லை. காட்டைச் சுற்றிலும் புல்லைச் சுரண்டி, சருகைக் கூட்டித் தள்ளி, வெறும் மண்ணாக ஒரு பட்டை போடவேண்டும். வெளியே புல்வெளியில் தீப்பிடித்தால் அந்த மண்பட்டையோடு அது நின்றுவிடும். முதுகு ஒடியும் வேலை. ஒழுங்காகச் செய்தால் யாருக்கும் தெரியாது. செய்யாவிட்டால் எல்லாரும் திட்டுவார்கள்.

போன கோடையில் பட்டை அரைகுறையாக நின்றுபோனது. தீ மேற்கே புகுந்தது. தீத்துறையின் பழைய தலைவர் கீரியார் பதவியை உதறிவிட்டு ஓடியே போனார். செங்கமலத்தின் இரண்டு குட்டிகளும் வளைக்குள் புகையில் மூச்சுத் திணறித் தவித்தன. எப்படியோ பிழைத்தன. ஆனால் அந்த இருமல் சத்தம் அவள் காதை விட்டுப் போகவில்லை. இனி இந்தக் காட்டில் ஒரு குட்டியும் அப்படித் தவிக்கக்கூடாது என்றுதான், யாரும் தொடாத தீத்துறையை அவளே கேட்டு வாங்கினாள்.

கோடைக்கு முன்னால் அல்லிக்குளக் கரையில் பங்கீட்டுக் கூட்டம் நடக்கும். ஒவ்வொரு குடும்பமும் காட்டு வேலைக்கு ஓர் ஆளை அனுப்பும். அந்த ஆட்களைத் துறைகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். துறைத் தலைவர்கள் ஆளுக்கொரு காட்டுக்கொடியோடு வருவார்கள். எத்தனை ஆள் வேண்டுமோ, கொடியில் அத்தனை முடிச்சு. பங்கீட்டு அதிகாரி நண்டார் கொடியை நடுவில் பிடித்துக் கொடுக்கை வைப்பார். 'நறுக்!' ஒரு பாதி கீழே விழும். மறு பாதிதான் துறைக்கு. யாருக்கும் பாதி, எப்போதும் பாதி! சிக்கனம் என்றால் நண்டார்தான் என்று காடே மெச்சியது.

கூட்டத்தன்று காலையில் பன்றியார் செங்கமலத்தின் கொடியைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்ன தங்கச்சி, இருபது முடிச்சுதான் இருக்கு?"

"இருபது ஆள்தான் அண்ணே வேணும். காட்டைச் சுத்தி நடந்து பாத்துட்டேன். பாறை இருக்கிற இடத்துல பட்டையே வேண்டாம். புல்லு மண்டின இடத்துக்கு மட்டும் ஆள் கூட வேணும். எப்படிக் கூட்டினாலும் இருபதுதான்."

"அட, வெவரம் தெரியாத பொண்ணே! இருபது வேணும்னா நாப்பது முடிச்சுப் போடணும். நண்டார் பாதியை வெட்டுவார். மிச்சம் இருபது. இதுதான் வழக்கம்!"

"வேண்டாத இருபதையும் வேணும்னு சொல்லவா?"

"அதுக்குப் பேரு பொய் இல்லம்மா, முன்யோசனை. ஊரோடு ஒத்து வாழு!"

பன்றியார் கெட்டவர் இல்லை. அவள்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார். ஆனால் செங்கமலம் பிடிவாதக்காரி. "எனக்குத் தெரிஞ்ச அளவை நானே மாத்திச் சொன்னா, அப்புறம் என் பேச்சை நானே நம்ப முடியாதே!" என்று இருபது முடிச்சோடு புறப்பட்டுவிட்டாள்.

கூட்டம் களைகட்டியது. யானையார் கொண்டுவந்த கொடி கரையில் சுருண்டு, மிச்சம் குளத்துக்குள் கிடந்தது. நண்டார் நறுக்கினார். "ஐயோ, தண்ணீர்த்துறை பாழாய்ப் போச்சே!" என்று யானையார் தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பன்றியார் கொடியும் நறுக்! அவரும் தம் பங்குக்கு மூக்கை உறிஞ்சினார். மயிலார் கொடியும் நறுக்! கீழே விழுந்த பாதியை எவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது வெறும் வேஷக் கண்ணீர் என்பது எல்லாருக்கும் தெரியும்.

செங்கமலத்தின் முறை வந்தது. நண்டார் அந்தக் குட்டைக் கொடியைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு நறுக்!

பத்து முடிச்சு மண்ணில் விழுந்தது.

செங்கமலத்தின் முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. இரண்டு குட்டிகளும் அவள் கண்ணுக்குள் வந்து நின்றன.

"பங்கீடு முடிஞ்சது!" என்றார் நண்டார்.

"நண்டய்யா, நான் கூட்டிக் கேக்கலைங்க. வேண்டியதே இருபதுதான்."

"எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க! சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு."

கரடியார் தலையைச் சொறிந்தார். "பத்து ஆளை வச்சுச் சமாளிச்சுக்கம்மா. பட்டையைக் கொஞ்சம் ஒல்லியாப் போடேன்."

"ஒல்லியாப் போட்டா தீ தாண்டிடும் தலைவரே. பாதிக் கிணறு தாண்டினவன் எங்கே விழுவான்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கரடியாருக்கு முகம் சுருங்கியது. வேறு யாராவது இருந்தால் அத்தோடு கொடியைச் சுருட்டிக்கொண்டு போயிருப்பார்கள். கோடையில் காடு எரிந்தால், "ஆள் கொடுக்கலை, நான் என்ன செய்ய?" என்று கையை விரித்திருப்பார்கள். செங்கமலம் அப்படிச் செய்யவில்லை. என்ன பெண் பாருங்கள் அவள்! குளத்தங்கரை ஈரமண்ணில் உட்கார்ந்தாள். ஒரு முள்ளை உதிர்த்து எடுத்து, காட்டை வரைய ஆரம்பித்தாள்.

இங்கே பாறை, இங்கே ஊற்று, இங்கே மான்கள் ஈன்று படுக்கும் புல்மேடு, இங்கே கரடியாரின் தேன்மரம், இங்கே பன்றியாரின் புதர். எல்லாவற்றையும் சுற்றி ஒரு கோடு இழுத்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"பத்து ஆளுக்கு இவ்வளவுதான் வரும். இந்தப் பாதியைக் காக்கலாம், இல்லாட்டி அந்தப் பாதியை. எதை விடட்டும்? சொல்லுங்க!"

"அது உன் துறை. நீயே முடிவு பண்ணு" என்றார் கரடியார்.

"வேலை என்னோடது தலைவரே. காடு எல்லாரோடதும். யார் வீடு எரியலாம்னு சொல்ற உரிமை எனக்குக் கிடையாது. சபைதான் சொல்லணும். நான் கேட்டுக்கிறேன்."

கூட்டம் மொத்தமும் வந்து மண்ணைச் சூழ்ந்துகொண்டது.

"கிழக்கைக் காப்பாத்து! என் தேன்மரம் அங்கேதான் இருக்கு!" என்று கரடியார் தம்மை மறந்து கத்தினார்.

"கிழக்கா? அப்போ மேற்கே இருக்கிற என் குட்டிகள்?" என்று பதறினார் பன்றியார்.

"எங்க புல்மேடு ரெண்டு பாதியிலயும் இல்லாம நடுவுல மாட்டுதே!" என்றது ஒரு பெண்மான்.

"நண்டாருக்கு என்ன? தண்ணிக்குள்ள முங்கிக்குவார்!" என்றது ஒரு முயல்.

நண்டாரின் கொடுக்கு மெல்லத் தாழ்ந்தது. "நான் என்ன செய்யட்டும்? இருக்கிற ஆளையெல்லாம் பிரிச்சுக் கொடுத்தாச்சு. மிச்சம் ஒருத்தர்கூட இல்லையே!"

பன்றியார் மண்ணில் இருந்த தம் புதரையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் தங்கச்சிக்குப் புத்தி சொன்ன வாய் இப்போது வறண்டுபோயிருந்தது. கடைசியில் தம் கொடியைத் தூக்கிச் செங்கமலத்தின் முன்னால் போட்டார்.

"தலைவரே, என் முடிச்சுக்கெல்லாம் இந்த மண்ணுல இடம் காட்டச் சொல்லுங்க. நாலு முடிச்சுக்கு என்னால காட்ட முடியாது. போன கோடையில அந்த நாலு பேரும் நிழல்ல படுத்துக் குறட்டைதான் விட்டாங்க. நண்டார் அடுத்த வருஷம் இன்னும் வெட்டிடுவாரோங்கிற பயத்துல, வருஷா வருஷம் ஏத்திக்கிட்டே வந்துட்டேன்."

குட்டு வெளிப்பட்டதும் யானையாரால் நிற்க முடியவில்லை. இந்தக் காலை மாற்றினார், அந்தக் காலை மாற்றினார். "என்கிட்ட ஒரு ஆறு தேறும்" என்று முனகினார். மயிலார் தம் கொடியைத் தோகைக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். முயல்கள் விடுமா? இழுத்து வெளியே போட்டன. அதில் இரண்டு!

நண்டாருக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்போ இத்தனை வருஷமா நான் வெட்டினது?"

"காத்தை வெட்டினீங்க நண்டய்யா" என்றாள் செங்கமலம். குரலில் கேலி இல்லை. "இல்லாததைக் கூட்டினாங்க, இல்லாததைக் குறைச்சீங்க. இனிமே கொடியை நறுக்காதீங்க. ஒவ்வொரு முடிச்சுக்கும் மண்ணுல இடம் காட்டச் சொல்லுங்க. காட்டினா கொடுங்க. காட்டலைன்னா அவிழ்த்துடுங்க."

பன்றியாரின் நாலும் யானையாரின் ஆறும் சேர்ந்து அவளுக்கு இருபது நிறைந்தது. கரடியாருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "மயிலாரோட இந்த ரெண்டையும் நீயே வச்சுக்கம்மா!" என்று தாராளமாக அள்ளி நீட்டினார்.

"எனக்கு இருபது போதும் தலைவரே. வடக்குப் பாறையடியில ஊத்து தூர்ந்து கிடக்கு. இந்த ரெண்டு பேரையும் அதைத் தோண்ட அனுப்புங்க."

வலிய வந்ததை வேண்டாம் என்று சொன்ன துறைத் தலைவரை அந்தக் காடு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது. யானையார் அவளை வாய் பிளந்து பார்த்தார். தண்ணீர்த்துறைத் தலைவரான தமக்கே அந்த ஊற்று ஞாபகம் இல்லை! யானைக்கும் அடி சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

பட்டை போட்டு முடிந்தது. வடக்கு ஊற்றையும் தோண்டியாயிற்று. சித்திரை வெயில் கொளுத்தியது.

ஒரு மத்தியானம் புல்வெளியில் தீப்பிடித்தது. அனல் காற்று அதை விரட்டிக்கொண்டு வந்தது. காடு நடுங்கியது. குட்டிகளும் கிழங்கட்டைகளும் அல்லிக்குளக் கரையில் கூடின. அவர்களைக் குளத்தை அடுத்து ஓடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டு சேர்க்க மற்றத் துறை ஆட்கள் எல்லாரும் தயாராக நின்றார்கள். செங்கமலம் தன் இருபது பேரோடு பட்டையில் நின்றாள். மேற்கே தீ வந்து மண்ணை முட்டியது, படுத்தது. கிழக்கேயும் அப்படியே. ஆனால் வடக்கே பட்டைக்கு வெளியில் நின்ற மூங்கில் புதர் படபடவென்று வெடித்தது. நெருப்புத் துண்டுகள் பட்டையைத் தாண்டி உள்ளே விழுந்தன. சருகு புகைய ஆரம்பித்தது.

இருபது பேரும் சுற்றிலும் பரவி நின்றார்கள். ஒருவரை நகர்த்தினாலும் அங்கே ஓட்டை விழும். செங்கமலம் புகையைப் பார்த்தாள், தூரத்தைப் பார்த்தாள், மனத்துக்குள் அளந்தாள். தலைக்கு மேல் பறந்த கரிச்சான் குருவியைக் கூப்பிட்டாள்.

"குளத்தங்கரைக்கு ஓடு! வடக்கே இன்னும் எட்டு ஆள் வேணும்னு சொல்லு! இப்பவே!"

கரிச்சான் அம்பாகப் பாய்ந்து கரையில் இறங்கியது. "வடக்கே எட்டு ஆள் வேணுமாம்!"

"எட்டா?" ஓர் இளைய குரங்கு கையைப் பிசைந்தது. "பயத்துல கூட்டிச் சொல்லியிருப்பாங்க. நாலு பேர் போய்ப் பாத்துட்டு வரட்டுமே! இங்கே குட்டிகளைத் தூக்க ஆள் வேண்டாமா?"

நண்டாருக்கும் பழக்கதோஷம். கொடுக்கு தானாகத் திறந்தது. திறந்ததை அப்படியே மூடிக்கொண்டு அவர் கத்தினார்.

"கேட்டது யாரு? செங்கமலம்! அவ எட்டுன்னா எட்டுதான்! ஒண்ணு குறைஞ்சாலும் காடு போயிடும். ஓடுங்க!"

"நான் ஒண்ணு!" என்று யானையார் பிளிறிக்கொண்டு முன்னால் ஓடினார். பின்னால் பன்றியார், கரடியார், இன்னும் ஐந்து பேர். பாறையடி ஊற்றில் யானையார் தும்பிக்கை நிறைய உறிஞ்சிப் பீய்ச்சினார். மற்றவர்கள் பச்சைத் தழையை ஒடித்து அடித்தார்கள். செங்கமலத்தின் முள் நுனியெல்லாம் கருகியது. அவள் நகரவே இல்லை. கடைசிச் சருகின் கடைசிப் புகை அடங்கிய பிறகுதான் கீழே உட்கார்ந்தாள்.

பட்டைக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் கரி. உள்ளே ஒரு மரம்கூடக் கருகவில்லை.

பன்றியார் மூச்சு வாங்க அவள் பக்கத்தில் வந்து விழுந்தார். "தங்கச்சி, அந்த அவசரத்துல பதினாறுன்னு சொல்லத் தோணலையா? பாதியாவது வந்து சேருமேன்னு?"

"பதினாறு பேர் இங்கே வந்திருந்தா, அங்கே குட்டிகளை யார் அண்ணே தூக்குவா?"

குளத்தங்கரையிலிருந்து குட்டிகள் ஓடிவரும் சத்தம் கேட்டது. அதில் ஒன்றுகூட இருமவில்லை. செங்கமலம் காதைத் தீட்டிக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேண்டிய அளவே கேட்டுப் பழகியவர் ஆபத்தில் வாய் திறந்தால், கேட்டது கேட்டபடி வந்து சேரும்.