பேரு வைக்காத ஃபோல்டர்

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர் கடையாம். ஏட்டி, அந்த செல்ல மொதல்ல கீழ வையி. நீ ம் கொட்டினாத்தான் நான் வாயத் தொறப்பேன், இல்லேன்னா எனக்கும் தூக்கம் வருது. ம்? ஆங், அப்படி.

அந்தக் கடைக்காரரு பேரு கோமதிநாயகம். அந்த ஊர்ல தெருவுக்கு நாலு கோமதிநாயகம் உண்டு, எல்லாம் கோயில் அம்மன நெனச்சு வச்ச பேரு. அவரு பொண்டாட்டி இசக்கியம்மா. ஸ்கேன் எடுக்கது, டைப் அடிக்கது எல்லாம் அவதான். இவரு நாற்காலியில சாஞ்சு பேப்பர் படிப்பாரு. ஆதாரு, மார்க் சீட்டு, கல்யாணப் பத்திரிக, எவன் எத அனுப்புனாலும் டொப்பு டொப்புன்னு கம்ப்யூட்டர்ல டவுன்லோடுல வந்து விழும். விழுந்தது விழுந்த எடத்துலயே கெடக்கும். எத்தன கெடந்துச்சு தெரியுமா? ஆறாயிரம்! வாயப் பொளக்காத, கேளு.

அப்புறம் ஒருநா இசக்கியம்மாவுக்குப் பொறுக்கல. "இது கடையா, குப்பக் கெடங்கா"ன்னு முந்தானையச் செருகிக்கிட்டு உக்காந்துட்டா. அப்பா பேரச் சொல்லி குடும்பத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டா. வேலுச்சாமி பிள்ளைகளோட பேப்பரெல்லாம் ஒரு ஃபோல்டர்ல, சங்கரலிங்கம் பிள்ளைகளுது இன்னொண்ணுல. இழுத்து இழுத்து உள்ள போட்டா, டக், டக், டக். மூணு நாளு ஆச்சு. ம்?

அப்போ வந்துச்சு பாரு சிக்கல். அப்பா பேரு கோமதிநாயகம்னு உள்ள பிள்ளைகளே நாப்பது பேரு. ஃபோல்டருக்கு அந்தப் பேர அடிக்கணும். அது யாரு பேரு? அவ புருசன் பேரு! கட்டிக்கிட்டு வந்து இருபத்தெட்டு வருசம், ஒரு தடவகூட அவ அந்தப் பேர வாயால சொன்னதில்ல. ரேசன் கடையில கேட்டாக்கூட பக்கத்துல நிக்கவளச் சொல்லச் சொல்லுவா. ஃபாரத்துல அந்தப் பேரு வந்தா, அவரக் கூப்பிட்டு அடிக்க வைப்பா. சிரிக்காதட்டி, உங்க ஆச்சியும் அப்படித்தான் இருந்தா.

அதனால என்ன பண்ணா? புதுசா ஃபோல்டர் போட்டா கம்ப்யூட்டரே தானா "நியூ ஃபோல்டர்"னு ஒரு பேரு வைக்கும்லா, அத அப்படியே விட்டுட்டா. "எனக்குத் தெரியும்லா, போதும்"னு நெனச்சுக்கிட்டா. அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லல.

அப்புறம் ஆயுத பூசைக்கு மொத நாளு வந்துச்சு. கடையக் கழுவி, எல்லாத்தையும் தொடச்சு வச்சாத்தான மறுநாளு சந்தனம் வைக்க முடியும்? இசக்கியம்மா பொரி வாங்க மார்க்கெட்டுக்குப் போயிட்டா. செல்ல கடையிலயே சார்ஜுல போட்டுட்டுப் போயிட்டா. கோமதிநாயகம் ஃபேனத் தொடச்சாரு, மானிட்டரத் தொடச்சாரு. தொடச்சவரு சும்மா இருக்கக் கூடாதா? "வெளிய தொடச்சாச்சு, உள்ளயும் தொடைப்போம்"னு உக்காந்துட்டாரு! பாத்தா, அப்பப்போ கை தவறி அமுக்கி உண்டானதும் சேந்து அம்பது அறுபது நியூ ஃபோல்டர் கெடக்கு. ரெண்டத் தொறந்தாரு, காலி. மூணாவதத் தொறந்தாரு, அதுவும் காலி. "அம்புட்டும் வெறும் டப்பா"ன்னு மொத்தமாப் பிடிச்சு சர்ர்ர்ருன்னு கம்ப்யூட்டர் குப்பத்தொட்டியில தள்ளிட்டாரு. அந்த நாப்பது பிள்ளைக பேப்பரும் அதுலதான் போச்சு. ம் கொட்டு!

அப்போ மணி நாலு. தடதடன்னு ஒரு பிள்ள ஓடியாறா. சந்தனமாரின்னு பேரு. அவ அப்பா பேரும் கோமதிநாயகம்தான், தவறி நாலு வருசமாச்சு. அம்மை பீடி சுத்திப் படிக்க வச்சா. "மாமா, எனக்கு நர்சிங் சீட்டு கெடச்சிருக்கு! மூணு சர்டிபிகேட்ட அஞ்சு மணிக்குள்ள ஏத்தணுமாம், இல்லேன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிருமாம்"னு மூச்சு வாங்குதா.

"சர்டிபிகேட் எங்கம்மா?"

"போன மழையில வீட்டுக்குள்ள தண்ணி வந்து எல்லாம் கூழாப் போச்சு மாமா. புதுசு வர ஒரு மாசம் ஆகுமாம். அத்தை முன்னால ஸ்கேன் எடுத்தாக, அது உங்க கம்ப்யூட்டர்லதான் இருக்கு."

அப்புறம் அவரு தேடுதாரு. சந்தனமாரின்னு பேரப் போட்டுத் தேடுனாரு. வரல. இசக்கியம்மா ஸ்கேன் எடுத்தா ஒண்ணு, ரெண்டுன்னு நம்பரு மட்டுந்தான் போடுவா, பேரு எங்க வரும்? சரின்னு ஒவ்வொரு ஃபோல்டராப் பாத்தாரு. வேலுச்சாமி இருக்காரு, சங்கரலிங்கம் இருக்காரு, மாடக்கண்ணு இருக்காரு, கோமதிநாயகத்த மட்டும் காணோம். "என்னம்மா இது, எம்பேர்லயே ஒண்ணும் இல்லையே"ன்னு முழிக்காரு. மணி நாலு இருபது. பிள்ளைக்குக் கண்ணு கலங்கிருச்சு. இசக்கியம்மாவுக்கு போனப் போட்டா, மேசை மேலயே கிணிகிணிங்குது.

"நான் போய் அத்தையக் கூட்டியாறேன்"னு சந்தனமாரி ஓடுதா. பொரிக் கடையில பாத்தா, இல்ல. பூக்கடையில பாத்தா, "இப்பத்தான் போனாக"ங்காக. பூசணிக்கா வண்டிகிட்ட ஓடுனா, அங்க ஒரு காயத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டு நிக்கா இசக்கியம்மா. "அத்தை, அப்பா பேர்ல ஃபோல்டரே இல்லையாம்! மாமா எல்லாத்தையும் சுத்தம் பண்ணாகளாம்!"

இசக்கியம்மா தட்டிக்கிட்டிருந்த பூசணிக்காய அப்படியே போட்டா. "அடப் பாவி மனுசா"ன்னு பொரிப் பையக்கூட எடுக்காம ஓடுதா. பூசணிக்காக்காரன் "அம்மா, பை! பை!"ங்கான். யாரு கேக்கா? தடதட, தடதட, ரெண்டு பேரும் ஓட்டமான ஓட்டம்.

கடையில என்ன நடக்கு? சீட்டுக் குடுத்தவுக வெப்சைட்டுல ஒரு ஃபாரமும் போட்டிருந்தாக. அதையாவது எறக்கி வைப்போம்னு பாத்தாரு கோமதிநாயகம். டவுன்லோடு பண்ணா எடமில்லன்னு துப்புது. மறுபடி பண்ணாரு, துப்புது. மூணாந்தடவையும் அதே கததான். "இந்தக் குப்பத்தொட்டி ரொம்பியிருக்கதாலதான்"னு அவருக்குத் தோணிச்சு. அதையும் காலி பண்ணிட்டா அப்புறம் அந்த ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது. காலி பண்ணுன்னு அமுக்குனாரு. "நெசமாவே அழிச்சிரவா?"ன்னு கம்ப்யூட்டர் கேக்கு. இன்னும் ஒரே ஒரு அமுக்குதான். கண்ணாடியத் தேடுதாரு, மாட்டுதாரு. தூங்கிட்டியா? ம்?

அப்போ ரெண்டு பேரும் கடைக்கு எதுத்தாப்ல ரோட்டோரம் வந்து சேந்துட்டாக. நடுவுல ஆட்டோ, பஸ்ஸு, தாண்ட முடியல. எதுத்த கடையில ரேடியோ செட்டு ங்கொய்யின்னு அலறுது. அவரு கதவுக்கு முதுகு காட்டி உக்காந்திருக்காரு, கண்ணாடிக் கதவு வழியா இசக்கியம்மாவுக்கு எல்லாம் தெரியுது. கம்ப்யூட்டர்ல குப்பத்தொட்டி தொறந்து கெடக்கது தெரியுது, அவரு கை மவுஸுக்குப் போறது தெரியுது.

"ஏங்க!"ன்னு கத்துனா. ரோட்டுல அஞ்சாறு ஆம்பளைக திரும்பிப் பாத்தாக, அவரு பாக்கல. "இந்தாருங்க! உங்களத்தான்!"ன்னு கத்துனா. பஸ்ஸுக்காரன் பாத்தான், அவரு பாக்கல. வெரல் மவுஸு மேல வந்துருச்சு. சந்தனமாரி "போச்சு அத்தை, போச்சு"ன்னு அவ கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா.

இசக்கியம்மா கண்ண இறுக்கி மூடுனா.

"கோமதிநாயகம்!"

ஏ யாத்தே, என்னா சத்தம்! பஸ்ஸுக்குள்ள இருந்தவுகளும் எட்டிப் பாத்தாக. கடைக்குள்ள அவருக்குத் தூக்கி வாரிப் போட்டுருச்சு. கைய விசுக்குன்னு எடுத்துட்டாரு. இருபத்தெட்டு வருசத்துல கேக்காத சத்தம்லா!

அப்புறம் உள்ள ஓடுனா, அவர நகத்திட்டு உக்காந்தா. "வேண்டாம்"னு ஒரு அமுக்கு. குப்பத்தொட்டியத் தொறந்தா, நியூ ஃபோல்டர் ஒவ்வொண்ணாப் பாத்தா. காலி, காலி, காலி, இந்தா இருக்கு! வெளிய எடுத்துப் போட்டா. மணி நாலு முக்கா. நாப்பது பிள்ளைக பேப்பர் உள்ள கெடக்கு, ஒவ்வொண்ணாத் தொறக்கணும். மார்க் சீட்டு ஆம்பிட்டுச்சு, ஏத்துனா. சாதிச் சான்றிதழ் ஆம்பிட்டுச்சு, ஏத்துனா. மூணாவது டி.சி. மணி நாலு அம்பத்தேழு. ஏத்துனா, வட்டம் சுத்துது, சுத்துது, சுத்துது. மூணு பேரும் மூச்சு விடல. நாலு அம்பத்தொம்பது.

டிங்!

போயிருச்சு! சந்தனமாரி அப்படியே தரையில உக்காந்துட்டா. கோமதிநாயகம் "எம்புத்தியச் செருப்பால அடிக்கணும்"னு தலையில அடிச்சுக்கிட்டு, விட்டுட்டு வந்த பொரிப் பைய எடுக்கக் கெளம்புனாரு. இசக்கியம்மாவுக்கு இப்பத்தான் வெக்கம் வந்துச்சு. முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டா. "நடு ரோட்டுல நின்னு பேரச் சொல்லிட்டேனே, ஊரு என்ன பேசும்"னு பொலம்புதா.

அப்போ அந்தப் பிள்ள மெதுவாச் சொன்னா. "அத்தை, அப்பா போன பெறவு எங்க வீட்டுல அந்தப் பேர யாருமே சொன்னதில்ல. அம்மையும் சொல்ல மாட்டா. நீங்க கூப்பிட்டதும் எங்க அப்பாவத்தான் யாரோ கூப்பிடுதாகன்னு நெனச்சு நான் திரும்பிப் பாத்துட்டேன். இன்னும் ஒரே ஒரு தடவ கூப்பிடுங்க அத்தை."

இசக்கியம்மா முந்தானைய எடுத்தா. அந்த ஃபோல்டருக்கு ஒவ்வொரு எழுத்தாத் தட்டித் தட்டிப் பேரு வச்சா. வச்சுட்டு, வாய் விட்டுப் படிச்சா. "கோமதிநாயகம்."

"என்ன?"ன்னாரு வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டிருந்தவரு.

பிள்ள சிரிச்சுக்கிட்டே அழுதா.

கதை அம்புட்டுத்தான். ம் கொட்டுனது போதும், திரும்பிப் படு, கண்ண மூடு.