காணாமல் போன சீட்டுக்கட்டு

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது செண்பகவல்லியின் வேலை. கத்துவது மேனேஜர் ஞானப்பிரகாசத்தின் வேலை.

"கம்ப்யூட்டர் வாங்கும்போதே கூட வந்த சீட்டு விளையாட்டை எவனோ நாள் முழுக்க ஆடுறான். அதான் வேலை தேங்குது. சாயங்காலத்துக்குள்ள அவன் பேர் வரணும். இல்லேன்னா நாளைக்கு நீ வராதே."

செண்பகவல்லி ஆபீஸில் இருந்த பன்னிரண்டு பேரையும் கேட்டாள். பன்னிரண்டு பேரும் சாமி மேல் சத்தியம் பண்ணினார்கள். அவளால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், மேனேஜர் அறை உட்பட ஒரு கம்ப்யூட்டர் விடாமல் அந்த விளையாட்டை அழித்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆடுகிறவன்தானே தேடி வருவான்?

மூன்று மணி ஆச்சு, நாலு மணி ஆச்சு. ஒருத்தரும் வரவில்லை.

நாலரைக்கு மேனேஜர் கூப்பிட்டார். "ஏம்மா, என் கம்ப்யூட்டர்ல ஒண்ணைக் காணோமே."

"எது சார்?"

"அதான்... திறந்தா பச்சைத் துணி விரிச்ச மாதிரி இருக்குமே."

செண்பகவல்லி பேனாவைத் திறந்தாள். "பேர் கிடைச்சிருச்சு சார். இனிஷியலோட எழுதவா?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"நாளைக்கு வழக்கம்போல வந்துரும்மா."