மாமி எடுக்காத அழைப்பு

இலங்கையில் போர் நடந்த வன்னியிலிருந்து தப்பி வந்த வதனிக்கும் அவள் கணவன் தயாபரனுக்கும் ஜெர்மனியில் ஒரு சிற்றூரில், அகதிகள் விடுதியில், ஓர் அறை கிடைத்தது. வந்த புதிதில் கைபேசிதான் அவர்களுக்குக் கண்ணும் வாயும். கடைக்கு வழி காட்டியதும், வதனியின் வயிற்றுவலியை வைத்தியருக்கு எடுத்துச் சொன்னதும் அதுதான்.

பிறகு அதே கைபேசி தயாபரனை ஊருக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டது. ஓய்வு கிடைத்தால் அம்மாவோடு வீடியோவில் இருந்தான். அங்கே அடுத்த வீட்டு மாடு கன்று போட்டது அவனுக்குத் தெரியும். இங்கே பக்கத்து அறைக்காரனின் பெயர் தெரியாது. ஜெர்மன் மொழிச் சோதனையில் ஒருமுறை தவறியும்விட்டான். தேறினால்தான் நல்ல வேலை, பிறகு தனி வீடு. சொல்லிச் சொல்லி வதனி களைத்துப்போனாள்.

ஒருநாள் மாமியார் இராசமலர் வதனியை அழைத்தாள்.

"பிள்ளை, அவன் இன்னும் என்ரை குசினிக்குள்ள, அடுப்படியிலதான் இருக்கிறான். அடுத்த சோதனை முடியுமட்டும் நான் போன் எடுக்கமாட்டன். அவனுக்குச் சொல்லிப்போடாதை. சத்தியம் பண்ணு."

"ஓம் மாமி," என்றாள் வதனி, அலுப்பில்.

தயாபரன் அழைத்தான், பதிலில்லை. ஊரில் அயலவரைக் கேட்டால், இராசமலர் சொல்லிவைத்தபடி, "இப்பதான் வெளியில போனவ" என்றார்கள். தவிப்பில் பொதுச் சமையலறைக்குப் போனான். பக்கத்து அறை யூசுப், சிரியாக்காரன், தேநீர் ஊற்றிக் கொடுத்தான். அவனிடம் தாயைப் பற்றிச் சொல்ல இருந்த ஒரே மொழி ஜெர்மன். தட்டுத்தடுமாறிப் பேசினான், நாளாக நாளாகத் தடுமாற்றம் குறைந்தது.

ஆனால் சோறு இறங்கவில்லை. சோதனைக்கு முதல்நாள் பையை எடுத்து உடுப்புகளை அடுக்கத் தொடங்கினான்.

"அம்மா செத்துப்போனா. எல்லாரும் மறைக்கிறியள். அகதி வழக்கும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நான் போறன்."

திரும்பிப் போனால் படையினர் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் அவர்கள் ஊரைவிட்டதே. வதனி கட்டிலில் அமர்ந்தாள். பொய்யைச் சுமக்க இனித் தெம்பில்லை.

"மாமி சுகமா இருக்கிறா. நீங்கள் படிக்கவேணுமெண்டுதான் எடுக்காமல் இருக்கிறா."

"உமக்குத் தெரியுமோ?"

அவன் அடுக்கிய உடுப்புகளைப் பையிலிருந்து வெளியே எடுத்துப் போட்டான். மறுநாள் சோதனைக்குப் போனான், தேறினான். வதனிக்குப் பல நாள் முகம் கொடுக்கவில்லை. மாமியாரும், "சத்தியத்தை மீறிப்போட்டாய்" என்று குறைபட்டாள்.

மகன் வேரூன்றட்டும் என்று வாய் மூடிய தாய்; கணவனைக் காக்க வாக்கை முறித்த மனைவி. கேட்டவர்களே, இருவரில் யார் செய்தது சரி?

விடை: வதனி செய்ததே சரி. தயாபரன் அந்த நாட்டில் நிலைக்கவேண்டும் என்பதற்காக வாங்கிய சத்தியம் அது. அவனே புறப்பட்டுவிட்டால் அதைக் காத்து என்ன பயன்? தாயின் நோக்கத்தில் பழுதில்லை. அவன் ஜெர்மன் பேச வாய் திறந்தது அவளால்தான். ஆனால் போரைப் பார்த்து வந்தவனுக்குப் பதிலில்லாத அழைப்பின் பொருள் ஒன்றுதான் என்பதை அவள் எண்ணவில்லை. வதனியின் பிழை, அலுப்பில் சொன்ன அந்த 'ஓம்'. கணவனின் கோபத்தை அதற்காகத்தான் அவள் பொறுத்துக்கொண்டாள்.