முக்குளிப்பான் சரி சொல்லாத புத்தகம்

நாரைக்கரை என்று ஒரு ஊர் இருந்தால் அங்கே ஒரு குளமும் இருக்கத்தானே வேண்டும்? இருந்தது. குளத்துக்கு எதிரே ஓர் அச்சகமும் இருந்தது. அதில் மூன்று பேர்: முதலாளி தாண்டவம் அண்ணாச்சி, அச்சு ஓட்டும் செல்லையா, புத்தகம் தைத்து ஒட்டும் இசக்கி. மூவரும் ரொம்ப நல்லவர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். சிக்கலே அதுதான்.

அதுவரை அவர்கள் அடித்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துச் சுவரொட்டி, கோயில் கொடை நோட்டீஸ். ஆனி மாதத்தில் ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பொன்னுத்தாய் டீச்சர் ஒரு கட்டுப் படங்களோடு வந்தார். குளத்துப் பறவைகளை எல்லாம் வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து வரைந்த படங்கள்.

“அண்ணாச்சி, இந்த வருஷத்தோட எனக்கு வேலை ஓய்வு. அதுக்குள்ள பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிட்டுப் போகணும். புத்தகத்தைப் பார்த்து, எது எந்தப் பறவைன்னு அதுகளே சொல்லணும். அது ஒண்ணுதான் ஆசை. பறவை வர்றதுக்கு முன்னாடி புத்தகம் வந்துரணும். பையில அடங்கணும். சரிபார்த்து, ஒப்புதல் வாங்காம அச்சடிச்சிராதீங்க.”

“சொல்லிட்டீங்கள்லா டீச்சர், ஒரு எழுத்து பிசகாது.”

டீச்சர் நிம்மதியாகப் போனார். பாவம்.

“ஒப்புதலை யார்கிட்ட வாங்கணும் அண்ணாச்சி?” என்றான் செல்லையா.

“இது ஒரு கேள்வியாலே? காதுகுத்துச் சுவரொட்டியில தாய்மாமன் மீசை விட்டுப்போய் என்ன பாடு பட்டோம்! படத்துல இருக்கிறவங்ககிட்டதான் வாங்கணும்.”

அச்சடித்த மாதிரித் தாள்களோடு மூவரும் கரைக்குப் போனார்கள். ஒரு முக்குளிப்பான் மிதந்துகொண்டிருந்தது. இசக்கி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அதன் படத்தை அதன் முகத்துக்கு நேரே பிடித்தான். பறவை ஒரு பார்வை பார்த்தது. உள்ளே முங்கிவிட்டது.

“படம் பிடிக்கலையோ?” என்றான் இசக்கி.

“வெட்கமா இருக்கும்லே. பொறு.”

அது தள்ளிப்போய் எழுந்தது. இசக்கியும் தள்ளிப்போனான். மறுபடி முங்கியது. பொழுது சாயும்வரை இதே கூத்து. கடைசியில் அண்ணாச்சி தாளின் ஓரத்தில் எழுதினார்: ‘பார்த்தார். பதில் சொல்லவில்லை.’

வாத்து, கூழைக்கடாவெல்லாம் ஐப்பசி மழைக்குத்தான் வரும் என்று கரையில் மாடு மேய்த்தவர் சொன்னார். மறுநாள் அச்சக வாசலில் அறிவிப்புத் தொங்கியது: ‘படத்தில் உள்ளவர்கள் வெளியூர் சென்றிருப்பதால் பறவைப் புத்தகம் தாமதம்.’

டீச்சர் ஓடிவந்தார். “ஐயோ அண்ணாச்சி! அவங்க சார்பா நானே கையெழுத்துப் போடுதேன், தாங்க.”

“நீங்க அவங்களுக்கு என்ன உறவு?”

டீச்சர் பேனாவைத் திறந்தார். “பெரியம்மா.”

உறவுக்காரர் என்றால் சரிதான். அச்சு ஓடத் தொடங்கியது. ஆனால் இசக்கிக்கு மனசு கேட்கவில்லை. “கூழைக்கடா எவ்வளவு பெரிய உடம்பு! சின்னத் தாளுக்குள்ள அடைச்சா மூச்சு முட்டாதா?” என்றான். ஆகவே புத்தகம் முறம் அளவுக்கு வந்தது. சட்டைப் பையில் அதன் மூலைகூட நுழையவில்லை.

“புத்தகத்தைச் சின்னதாக்குவோம்” என்றான் செல்லையா.

“அவசரக்குடுக்கை! புத்தகம் பெரிசுன்னு டீச்சர் சொன்னாங்களா? பையில அடங்கணும்னுதான் சொன்னாங்க. குத்தம் எதுல இருக்கு? பையில” என்றார் அண்ணாச்சி.

தையல்காரரைக் கூப்பிட்டார்கள். புது அறிவிப்பு தொங்கியது: ‘பை தைத்து முடியாததால் வெளியீடு ரத்து.’ மாதிரிக்குத் தைத்த, கழுத்தில் தொடங்கி முழங்காலில் முடிகிற பை வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு இசக்கி வாசலில் நின்றான். அதைப் பார்த்ததும் டீச்சர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, ஒரு தாளில் தன் உள்ளங்கையை வைத்துச் சுற்றிக் கோடு போட்டார். “இதுதான் அளவு. இதுக்கு மேல ஒரு நூல்கூட வேண்டாம்.”

மறுபடி அடித்தார்கள். மறுபடி தைத்தார்கள். பசை காயவேண்டியதுதான் பாக்கி. அப்போது பார்த்து ஐப்பசி மழை பிடித்தது. குளம் நிறைந்தது. மழை விட்ட காலையில் தண்ணீர் தெரியாதபடி பறவைகள் உட்கார்ந்திருந்தன.

மூவரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

“பறவை வந்துட்டு. புத்தகம் வரலையே!” என்றார் அண்ணாச்சி.

“பசை காயாம எப்படி அண்ணாச்சி புத்தகத்தை முந்தவைக்க?”

“அப்ப பறவையைப் பிந்தவைப்போம்.”

தகர டின்னைத் தட்டிக்கொண்டு மூவரும் குளத்தைச் சுற்றி ஓடினார்கள். அண்ணாச்சி மரியாதை தெரிந்தவர். “தப்பா எடுத்துக்காதீங்க! புத்தகம் வந்ததும் சொல்லி அனுப்புதோம்!” என்று கத்திக்கொண்டேதான் விரட்டினார். ஒன்று மிச்சமில்லாமல் எல்லாம் பக்கத்து ஊர்க் குளத்துக்குப் போய்விட்டன. பசை காய்ந்தது.

டீச்சர் பிள்ளைகளோடு கரைக்கு வந்தார். ஒவ்வொரு பையிலும் ஒரு புத்தகம் அடக்கமாக இருந்தது. குளத்தில் வெறும் தண்ணீர்.

“அண்ணாச்சி... பறவை எங்க?”

“நீங்க சொன்னபடி புத்தகம் முந்திட்டு டீச்சர். இப்ப தாமதம் நம்ம பக்கம் இல்ல, அவங்க பக்கம்!”

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மூவராலும் தாங்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பறவைகளுக்குப் பதிலாகத் தாங்களே தண்ணீரில் இறங்கினார்கள். அண்ணாச்சி கழுத்தை உள்ளிழுத்து ஒற்றைக்காலில் நின்றார். செல்லையா கூழைக்கடா மாதிரி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளி வாய்க்குக் கொண்டுபோனான். இசக்கி வாத்து மாதிரி பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு நடந்தான்.

பிள்ளைகள் மும்முரமாகப் பக்கம் புரட்டினார்கள். அழுகையும் சிரிப்புமாக டீச்சர் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பார்த்துவிட்டுப் பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்: “டீச்சர், இந்த மூணும் புத்தகத்துல இல்ல!”

அண்ணாச்சி தூக்கிய காலைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

“குளத்துல நிக்கிறவங்களை விட்டுட்டு ஒரு பறவைப் புத்தகமா? லே செல்லையா, எல்லாத்தையும் திருப்பி வாங்கு. நம்மளையும் சேர்த்துதான் அடிக்கணும்!”

“சேர்த்திரலாம் அண்ணாச்சி. எந்த மாசம் வர்ற பறவைன்னு போட?”

“வருஷம் பூரா இங்கனதானே கிடக்கோம். உள்ளூர்ப் பறவைன்னு போடு.”

“இரை?”

“இட்லி.”

“முட்டை என்ன நிறம்?”

அண்ணாச்சி குனிந்து தன்னைச் சுற்றித் தண்ணீரில் பார்த்தார்.

“அதை வீட்டுல கேட்டுத்தாம்லே சொல்ல முடியும். அதுவரைக்கும் புத்தகம் தாமதம்னு எழுதித் தொங்கவிடு.”