எட்டாவது ஏடு

பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரைக் களம் நடத்திய மயிலுச்சாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய குரு ரெஜினாவுக்கு முப்பது. தேங்காய்த் தண்ணீரில் பாக்டீரியாவை விட்டு, பத்தே நாளில் வெள்ளை ஏடாக நெய்து வாங்கும் வித்தை ரெஜினாவுக்குத் தெரியும்.

ஏட்டைத் துண்டு போட்டால் பலூடாவில் மெல்லும் ஜெல்லி. பக்குவம் செய்தால் தீப்புண்ணை மூடும் மருந்துத் துணி. அதன் இழையோ தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லியது.

களத்திலிருந்து ஓடிய தேங்காய்த் தண்ணீரால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு கெட்டுவிட்டது. ஆடிக்குள் தண்ணீர் ஓடுவதை நிறுத்தாவிட்டால் களத்தையே மூடிவிடுவதாக மயிலுச்சாமி ஊர் முன்னால் சொல்லியிருந்தார். இருபது பேர் பிழைக்கும் களம். ஆடிக்கு இன்னும் ஒரு மாதம்தான். அந்தத் தண்ணீரையே ஏடாக்கிவிடலாம் என்றுதான் ரெஜினாவிடம் கற்க வந்தார்.

அன்று காலை ஒரு தட்டைக் கொண்டுவந்து ரெஜினாவின் முன்னால் வைத்தார்.

"முடியலீங்க டீச்சர். களத்த மூடிடறனுங்க."

விரல் தடிமன் வரவேண்டிய ஏடு, தொட்டதும் பாலாடைபோலப் பிரிந்து வந்தது.

"தட்டை ஆட்டினீங்களா?"

"இல்லீங்க."

மேலே மிதந்த ஏட்டை ஒதுக்கிவிட்டு, அடியில் கிடந்தவற்றை ரெஜினா ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினார். ஏழு இருந்தன.

"ஏழு தடவை ஆட்டியிருக்கீங்க. ஆட்டினதும் ஏடு மூழ்கிடும், மேல புதுசா இன்னொண்ணு பிடிக்க ஆரம்பிக்கும்."

மயிலுச்சாமிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்காமல் ஒரு தேங்காயைக்கூட அவர் வாங்கியதில்லை.

"முப்பது வருஷமா காயை ஆட்டிப் பாத்த கைங்க. சும்மா இருக்கமாட்டீங்குது. இந்தக் கைக்கு இது வருமுங்களா?"

ஒதுக்கி வைத்திருந்த எட்டாவது ஏட்டை ரெஜினா எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். ஈரமாக, கண்ணாடிபோல் மெல்லியதாக இருந்தது.

"ஏழு தடவை மூழ்கடிச்சீங்க. இது மறுபடி மேல வந்து நெய்ய ஆரம்பிச்சிருக்கு. வருமா வராதான்னு அது யாரையும் கேக்கலண்ணா."

அன்று மத்தியானமே மயிலுச்சாமி நாற்பது தட்டுகளில் தேங்காய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றினார். பாக்டீரியா வளர்ந்த பழைய ஏட்டுத் தண்ணீரை விதையாகச் சேர்த்தார். பழைய பேப்பரால் மூடி, நூலால் கட்டினார். தட்டுகள் இருந்த அறையைப் பூட்டிக்கொண்டு நேராக ரெஜினாவிடம் வந்தார்.

"இந்தாங்க சாவி. பத்து நாளைக்கு நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

ரெஜினா சிரித்தார். சாவியை அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும். ஆட்டிப் பழகின கை, ஆட்டாமயும் பழகட்டும்."