பூட்டிய பானெட்டுக்குள் ஏறிய ஆயில்

வைரவேல் கல்குவாரிக்கு மட்டுமல்ல, தன் கருத்துகளுக்கும் முதலாளி. இரண்டிலும் அந்நியர் நுழைய அனுமதியில்லை. அவருடைய புல்டோசரில் எஞ்சின் ஆயில் பால் காப்பி நிறமாகிவிட்டது.

“மழையில ஆயில் மூடியைத் தொறந்து போட்டிருக்க. தண்ணி எறங்கிருச்சு,” என்றார் ஓட்டுநர் சூசையிடம்.

“இல்ல மொதலாளி. ரேடியேட்டர் தண்ணி எஞ்சினுக்குள்ளயே கசிஞ்சு ஆயில்ல கலக்குது. கழட்டிப் பாத்தாத் தெரியும்.”

“கழட்டினா வேலை நிக்கும். கழட்டாமலே நிரூபி. இல்லன்னா நாளையோட கெளம்பு.”

குவாரியில் எது கெட்டாலும் பழி சுமந்து களைத்திருந்த சூசை, கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னான்: “சரி. புது ஆயில் ஊத்தி, ரேடியேட்டரையும் நெறப்புறேன். ரெண்டு மட்டத்தையும் பாத்துட்டு நீங்களே பானெட்டைப் பூட்டுங்க. என்னை நம்பாதீங்க.”

கடைசி வாக்கியம் முதலாளிக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டார்.

காலையில் அவரே திறந்தார். ரேடியேட்டரில் தண்ணீர் இறங்கியிருந்தது. ஆயில் மட்டம் ஏறியிருந்தது. தரையில் சொட்டு ஈரமில்லை.

“எவனோ ஆயில்ல தண்ணி ஊத்தியிருக்கான்!”

“இருக்கும் மொதலாளி. சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

கல் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார்கள்.

“ஒண்ணு எஞ்சின், இல்ல நீங்க. யாருன்னு நீங்களே சொல்லிருங்க. எனக்கு யாரா இருந்தாலும் சரி.”

வைரவேல் சாவியை மறுபடி அரைஞாணில் கோத்துக்கொண்டார். “எஞ்சின்தான்டா. கழட்டு.”

வாயில்லாததன் மேல் பழி விழுவது அந்தக் குவாரிக்குப் புதிதல்ல. அன்றைக்குத்தான் அது நியாயமாகவும் விழுந்தது.