அழுங்கு ஏன் சுருண்டுக்குது

அந்தக் காலத்துல காக்கா இவ்வளவு கறுப்பு இல்ல, சாம்பல் நெறந்தான். மிருகமெல்லாம் பேசும், விறகெரிச்சுக் குளிர் காயும். அந்தப் பொகையிலதான் காக்கா கறுத்துச்சு. ஆந்தைக்குக் கண்ணு பெருத்ததும் அதுல முழிச்சு முழிச்சுத்தான். அது வேற கதை, விடுங்க.

மூச்சு முட்டிப்போயி எல்லாரும் வழுக்குப்பாறையில கூடினாங்க. "மலைக்கடியில ஒரு மாதிரிக் கல்லுங்க இருக்கு. பகல்ல வெயிலக் குடிச்சு வெச்சுக்கிட்டு, இருட்டினா வெளிச்சம் குடுக்கும். பொகையே வராது"ன்னுச்சு கொக்கு.

அந்த மலை அழுங்கோட வீடு. எறும்புத்தின்னின்னு சொல்றோமே, அதுதான். நரி போயிக் கேட்டுச்சு.

"அக்கா, நீ மனசு வெச்சாத்தான் உண்டு."

"தோண்டினா என் ஊத்து வத்திடுமே தம்பி. கைக்குட்டிய வெச்சிருக்கேன்."

"மொத வெளிச்சம் ஒன் வளையிலதான். என் மீசை மேல சத்தியம்!"

"அதுல இருக்கறதே நாலு முடி"ன்னு சிரிச்சுக்கிட்டே அழுங்கு ஒத்துக்கிச்சு. தோண்டறதுக்கு அழுங்கு மாதிரி நகம் யாருக்கும் கெடையாது. பன்னியும் தோண்டும், ஆனா கெழங்குக்கு மட்டும். அதச் சேக்காதீங்க.

அழுங்கே தோண்டுச்சு. கல்லு மேல வர வர ஊத்து கீழ போச்சு.

பங்கு போடற நாளும் வந்துச்சு. யானையா இருந்தாலும் பாறைக்கு நேர்ல வந்து நின்னாத்தான் பங்கு. அதுதான் அவங்க வழக்கம். அழுங்கு வரல. எப்படி வரும்? கல்ல எடுத்த எடத்துல வளையோட கூரை சரிஞ்சிடுச்சு, அது குட்டி மேல விழாம முதுகக் குடுத்துத் தாங்கிக்கிட்டிருந்துச்சு.

"அழுங்கக்கா எங்க?"ன்னு முயல் மட்டும் கேட்டுச்சு.

"வழக்கம்னா வழக்கந்தான்"ன்னுச்சு கொக்கு. நரி மீசையத் தடவிக்கிட்டு வேற பக்கம் பாத்துச்சு.

வரிசையில மனுசனும் நின்னான். நம்மாளுதான். ரெண்டு கல்லு வாங்கினான். ஒன்ன அழுங்குக்குக் கொண்டுபோயிக் குடுத்திருக்கலாம். குடுக்கல.

சாயங்காலம் அழுங்கு எப்படியோ குட்டியோட வெளிய வந்துச்சு. ஊரெல்லாம் வெளிச்சம், வானம் தொடச்சு வெச்ச மாதிரி. நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. அதோட வளை மட்டும் இருட்டு. குடிக்கத் தண்ணியில்ல.

நரி ஓடி வந்துச்சு. "அக்கா, கல்லு பத்தல. அடுத்த மலையிலயும் இருக்காம்..."

அழுங்கு குட்டிய வயித்தோட அணைச்சு, அதச் சுத்திச் சுருண்டுக்கிச்சு.

அன்னையிலேருந்துதான் யாரு காலடி கேட்டாலும் அழுங்கு உருண்டையாயிடுது. சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தோம்னு நாம சொன்னாலும் அவிழறதில்ல.